தொடக்கம் உடைந்த ரிக்கார்டு

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோனது. பெயர்கள் மறந்துவிடுகின்றன. முன்னால் நடந்தது பின்னால் போய்விடுகிறது. போன வாரம் இந்தப் பத்திரிகையில் மொச்சையைப் பற்றி எழுதியதில் மாதத்தையே மாற்றிப் போட்டுவிட்டேன் என்று இரண்டு பேர் கார்டு எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னதுதான் சரி.

இந்த வாரம் அதைவிடப் பெரிய தப்பு. ஒன்பது வருஷமாகச் செய்தது.

போன மாதம் திண்டுக்கல்லில் இருந்து ரெட்டியார்சத்திரம் பஸ் ஏறினேன். மடியில் துணிப்பை. பைக்குள் தலையணை உறை. உறைக்குள் ஓரம் உடைந்த ஒரு ரிக்கார்டு. பக்கத்தில் இருந்த அம்மாள் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தோசைக்கல்லா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

ஜாஸ் ரிக்கார்டு என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். எனக்கு அடுத்த கேள்வி என்றால் பயம்.

ஆனால் உங்களிடம் சொல்லித்தானே ஆகவேண்டும்?

என் வீட்டுக்காரர் ரேடியோ செட் கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, சர்ச் திருவிழா எல்லாவற்றுக்கும் குழாய் கட்டிப் பாட்டுப் போடுவது. ஒரே தெருவில் இரண்டு கல்யாணம் என்றால் இரண்டு செட் வரும். திரும்பும்போது ரிக்கார்டு மாறிப்போகும், சண்டை வரும். அதனால் ஒவ்வொரு ரிக்கார்டின் நடுவிலும், லேபிளுக்கு மேலே, கடைப்பெயரும் நம்பரும் போட்ட ஸ்டிக்கரை ஒட்டுவோம். அது என் வேலை. மைதா காய்ச்சி, கரப்பான் அரிக்காமல் இருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டு ஒட்டுவேன். நான் ஒட்டினால் ஒட்டியதுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கும் கேசட் பரவி எங்கள் ரிக்கார்டுகள் எல்லாம் சும்மா கிடந்தன. அந்தச் சமயம் பார்த்து, ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வெளிநாடு போன ஒரு சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்தியக் குடும்பத்திடம் இருந்து இவர் ஒரு பெட்டி ரிக்கார்டும், சாவி கொடுத்துச் சுற்றும் கிராமபோன் ஒன்றும் வாங்கி வந்தார்.

"அந்தம்மா ஜாஸு ஜாஸுன்னு சொல்லுச்சு. என்னமோ இருக்கட்டும். நம்பர் ஒட்டிரு" என்றார்.

எந்தக் கல்யாணத்துக்கும் போகப்போகாத ரிக்கார்டுகள். ஆனாலும் ஒட்டச் சொன்னார், ஒட்டினேன். இங்கிலீஷ் எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது. எதை மறைக்கிறோம் என்று பார்த்து ஒட்டவேண்டும் என்று தோன்றவே இல்லை.

அடுத்த வருஷம் அவர் இறந்துபோனார். செட்டும் ஆம்ப்ளிஃபயரும் விற்றுப்போயின. ஜாஸ் பெட்டியை மட்டும் யாரும் கேட்கவில்லை. வீட்டில் சத்தமில்லாமல் இருக்க எனக்கு முடியவில்லை. ஒருநாள் சாவி கொடுத்து, கைக்கு வந்த ஒன்றைப் போட்டேன்.

அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

அந்த ரிக்கார்டின் ஓரத்தில் முறுக்கைக் கடித்த மாதிரி ஒரு துண்டு இல்லை. ரிக்கார்டு வெளி ஓரத்தில் தொடங்கி உள்ளே போவது. ஓரம் போனால் தொடக்கம் போச்சு. உடைசலைத் தாண்டி உள்ளே முள்ளை வைத்தால், எடுத்த எடுப்பில் ஒரு டிரம்பெட் பிடித்துக்கொள்கிறது. கெஞ்சுகிறது. பிறகு கோபப்படுகிறது. பிறகு வேறு யாரோ சிரிக்கிற மாதிரி ஒரு வாத்தியம்... பாதியில் ஓர் ஆள் வந்து நாலு வரி பாடிவிட்டுப் போகிறார். ஒரு வார்த்தை புரியாது. ஆனால் ஒன்று புரிந்தது: இந்த டிரம்பெட் தானாகப் பேசவில்லை. யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். அதற்குத்தான் இந்தப் பதில்.

என்ன சொன்னார்கள்?

ஒரு வீட்டில் சண்டை நடக்கும்போது பாதியில் நுழைகிறோம் இல்லையா? யார் ஆரம்பித்தது என்று தெரிகிறவரை நமக்கு இருப்புக் கொள்ளுமா? எனக்குக் கொள்ளவில்லை. அடுப்பில் உலை கொதிக்கும்போதும், சர்ச் பூசையில் முழங்கால் போட்டிருக்கும்போதும், அந்த உடைந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்றே மனசு ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் எங்கள் சர்ச் பங்கிலிருந்து இரண்டு சிஸ்டர்கள் வீட்டுக்கு வந்தார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "நல்லா இருக்கே, இங்கிலீஷ் ஞானப்பாட்டா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் அந்தப் பொய்யைச் சொன்னேன். சாமியார் "பாட்டு நல்லா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

உடையாத இன்னொரு பிரதி எங்கேயாவது இருக்கும். அதைக் கண்டுபிடிக்கவேண்டும். ஆனால் பெயர் தெரியவேண்டுமே? பெயர் என் ஸ்டிக்கருக்குக் கீழே. ஆனால் அந்த ஒரு ரிக்கார்டில் ஸ்டிக்கரைக் கொஞ்சம் மேலே தூக்கி ஒட்டியிருந்தேன். அடியில் ஒரு வரி வெளியே தெரிந்தது. ஏழு எழுத்து. மூன்று ஒன்றாக, நான்கு ஒன்றாக. கோலம் போடுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து ஒரு சீட்டில் வரைந்துகொண்டேன்.

பழைய சாமான் கடை இப்ராகிம் பாயிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டினார்.

"நரின்னு போட்ருக்கு அக்கா. பின்னால என்னமோ இருக்கு... அது கம்பெனி பேரா இருக்கும்."

நரிப் பாட்டு. அன்றிலிருந்து கடையில் எனக்கு அடையாளமே அதுவாகிப்போனது. நான் படி ஏறும்போதே, "வாங்கக்கா, ஒங்க நரி இன்னும் வரல" என்பார். வந்தால் எடுத்து வைப்பார். சீட்டோடு எழுத்து எழுத்தாக ஒத்துப்பார்த்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவேன். முள்ளை வைத்தால் — வேறு பாட்டு.

எப்படி? வரி அதேதான். பாட்டு வேறு.

நிறைய யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். கம்பெனியிலும் என்னைப் போல ஒருத்தி இருந்திருக்கிறாள். பசையும் லேபிளுமாக உட்கார்ந்து, நினைவில்லாமல் மாற்றி மாற்றி ஒட்டியிருக்கிறாள். பாவம், அவளுக்கும் என்ன கவலையோ. இப்படி நினைத்துக்கொண்டே நாற்பது ரிக்கார்டு சேர்த்துவிட்டேன். எல்லாம் நரி. எல்லாம் வேறு பாட்டு.

கூச்சக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. யாரிடமும் எதையும் கேட்காததால், நாம் நினைத்ததே சரியாக இருந்துகொண்டிருக்கும்.

அந்த நாற்பதையும் நான் வெறுக்கவில்லை. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பஞ்சை நனைத்து, லேபிளில் படாமல் துடைப்பேன். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் வாத்தியம் பலமாக ஊதுகிற இடம் வேறு மாதிரி மின்னும். கேட்கும் முன்பே, 'இதில் நடுவில் ஒரு ரகளை இருக்கிறது' என்று கண்டுபிடித்துவிடலாம். ஆனால் எதைக் கேட்டாலும் மனசு அந்த உடைந்த ஓரத்துக்கே போனது.

இந்த வருஷம் அவசரமும் சேர்ந்துகொண்டது. இடது காது முன்பே போய்விட்டது. வலது காதைப் பார்த்த டாக்டர், "கொஞ்சம் கொஞ்சமாக் குறையும்மா, மிஷின் வச்சுக்கலாம்" என்றார். அவர் கொடுத்த மிஷினைக் காதில் வைத்துப் பார்த்தேன். நர்ஸ் பேசுவதும் வெளியே பஸ் ஹாரன் அடிப்பதும் ஒன்றாகத்தான் கேட்டது. டிரம்பெட் அதில் எப்படிக் கேட்கும்? சொந்தக் காது இருக்கும்போதே தொடக்கத்தைக் கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அப்போதுதான் பாய் செய்தி சொன்னார். ரெட்டியார்சத்திரம் பக்கம் செல்லமுத்து என்று ஒருவர். மலைமேல் ஒரு கிளப்பில் பரிமாறும் பேரராக இருந்தவர். கிளப் ரிக்கார்டுகளைத் தூக்கி எறிந்தபோது, கீழே இறங்குகிற காய்கறி லாரியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். இப்போது தோட்டத்தில் வெங்காயம் போடுகிறார். ரிக்கார்டு இருநூறு இருக்கும்.

இருநூறு. இரண்டு வாரம் தூங்கினேனா என்று எனக்கே தெரியாது.

செல்லமுத்துவும் அவர் மனைவி தங்கமும் வாசலில் சின்ன வெங்காயத்தின் தாளை அரிந்துகொண்டிருந்தார்கள்.

"வாங்கம்மா. பாய் சொல்லியுட்டாருங்க, நரி ரிக்கார்டு கேட்டு ஒரு அம்மா வருவாங்கன்னு" என்றார்.

சீட்டை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உள்ளே கூட்டிப்போய் ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்து மேலே இருந்த ரிக்கார்டை எடுத்துக் காட்டினார். அதே ஏழு எழுத்து. அடுத்தது. அதே. அதற்கு அடுத்தது. அதே. பத்து வரை காட்டினார்.

"எல்லாமே நரிதானுங்க" என்றார்.

"இம்புட்டுலயுமா லேபிள மாத்தி ஒட்டிட்டாக?" என்று கேட்டேன். உண்மையாகவே அப்படித்தான் கேட்டேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். தங்கம் அதுகூடப் பார்க்கவில்லை. சிரித்தேவிட்டாள்.

"இது பாட்டுப் பேரில்லைங்கம்மா. ஃபாக்ஸ் டிராட்டுன்னு ஒரு ஆட்டத்தோட பேருங்க. இந்தப் பாட்டுக்கு இந்த ஆட்டம் ஆடலாம்னு போட்டிருக்கறான். கும்மின்னு எழுதி வச்சா, எல்லாக் கும்மியும் ஒரே பாட்டாயிருமுங்களா?" என்றார் செல்லமுத்து.

ஒன்பது வருஷம். பாய் கடையில் சொல்லிவைத்து, கும்மி இருக்கிறதா, கும்மி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். கம்பெனியில் பசை ஒட்டிய அந்தப் பெண் மேல் வீண்பழி வேறு.

"அடுத்த பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்றேன்.

"வந்து கால் மணி நேரம் ஆகலீங்க. மோராச்சும் குடிங்க" என்றாள் தங்கம்.

செல்லமுத்து என் ரிக்கார்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "பேரு மேல பெருசாப் போட்டிருப்பானுங்க. யாருங்க இது, பேரு மேலயே கொண்டாந்து ஸ்டிக்கர ஒட்டுனது?"

"நாந்தேன்."

அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. "சரி உடுங்க, போட்டுக் கேட்டாத் தெரிஞ்சிருது" என்று சொல்லிவிட்டு, மூலையில் இருந்த கிராமபோனின் தூசியைத் தட்டிச் சாவி கொடுக்கப் போனார்.

அவர் சாவி கொடுத்து முடிக்கும்வரை நான் சும்மா இருந்திருக்கலாம். இரண்டு நிமிஷம். இருந்தேனா? 'யாருங்க ஒட்டுனது' என்ற கேள்வி கையை அரித்தது. தங்கம் கையோடு உள்ளே கொண்டுவந்த, வெங்காயம் அரிந்த கத்தி பக்கத்தில் கிடந்தது. ஸ்டிக்கரின் மூலையை எச்சில் தொட்டு நனைத்து, கத்தி முனையைக் கொடுத்து நெம்பினேன். வந்தது. லேபிளின் தோலையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்தது. அடியில் வெள்ளைக் காகிதம். ஓர் எழுத்து இல்லை.

மிச்சத்திலாவது ஏதாவது தெரியுமா என்று இன்னும் அழுத்தினேன்.

'டக்'.

உடைசலில் இருந்து நடுவரை ஒரு கீறல் முன்பே ஓடியிருக்கிறது. நான் கவனிக்கவில்லை. ரிக்கார்டு இரண்டாகக் கையில் இருந்தது.

செல்லமுத்து திரும்பிப் பார்த்தார். உரிந்த ஸ்டிக்கரை எடுத்துத் தடவினார். "எதப் போட்டு ஒட்டுனீங்க?"

"மைதாவும் மயில்துத்தமும்."

"அதானுங்க. பூச்சியும் அண்டல, பேரும் நிக்கல."

தங்கம் அவரை முறைத்தாள். நான் இரண்டு துண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். ஒட்டுவது என் வேலைதான். ஆனால் இதை ஒட்டமுடியாது. தொடக்கம் மட்டும் இல்லாமல் இருந்த பாட்டு இப்போது முழுதாக இல்லை. என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது.

"பாட்டு எப்படிங்க போகும்? பாடிக் காட்டுங்க" என்றார் செல்லமுத்து.

நான் சர்ச்சில்கூட வாயைத்தான் அசைப்பேன். சத்தம் வராது. என் வீட்டுக்காரர்கூட நான் பாடிக் கேட்டதில்லை. தெரியாத வீட்டில், தெரியாத ஆண்பிள்ளை முன்னால்... மோர்த் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தங்கத்துக்குப் புரிந்துவிட்டது. "ஏனுங்க, நீங்க செத்த வெளிய போய் நில்லுங்க. எங்கிட்டப் பாடட்டும். நான் வந்து ஒங்ககிட்டப் பாடறேன்."

"நீயா?"

"ஏன், எனக்கு வாயில்லையா?"

அவர் வெளியே போனார். நான் தங்கத்தின் காதோரம் குனிந்து, வாயைத் திறக்காமல், டிரம்பெட் வருகிற மாதிரி முனகினேன். கெஞ்சுகிற இடம். கோபப்படுகிற இடம். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். "ஆச்சு, வந்துருச்சு" என்று எழுந்து போனாள்.

வெளியே அவள் பாடுவது கேட்டது. என் ஒரு காதுக்கே கேட்டது என்றால் எவ்வளவு சத்தம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது டிரம்பெட் இல்லை. தாலாட்டு மாதிரித் தொடங்கி ஒப்பாரி மாதிரிப் போனது.

"இப்படி ஒரு பாட்டு இங்கிலீசுலயே இல்ல" என்றார் செல்லமுத்து.

"அந்தம்மா இப்படித்தான் பாடுச்சு."

"கெஞ்சற மாதிரி வருதா, மெரட்டற மாதிரி வருதா?"

"ரெண்டும் இல்லீங்க. சும்மா வருது."

சும்மா வருகிறதா? என் டிரம்பெட்டா? எனக்குப் பொறுக்கவில்லை. எப்போது எழுந்தேன் என்று தெரியாது. நிலைப்படியில் நின்றுகொண்டு, "அப்பிடி இல்ல" என்று சொல்லிவிட்டுப் பாடினேன். முனகல் இல்லை, வாயைத் திறந்து. டிரம்பெட்டையும், சிரிக்கிற வாத்தியத்தையும், நடுவில் வருகிற ஆளின் நாலு வரியையும் — வார்த்தை தெரியாது, இருந்தும் விடவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ஆள் மண்வெட்டியை ஊன்றி நின்று பார்த்தார்.

செல்லமுத்து உள்ளே போனார். இரண்டாவது டிரங்குப் பெட்டியின் அடியில் இருந்து ஒன்றை உருவினார். முழு ரிக்கார்டு. ஓரத்தில் ஒரு கீறல் இல்லை.

"இதுங்க. கிளப்புல ஒரு துரை, தெனமும் சாயங்காலம் இதத்தான் போடச் சொல்லுவாரு. ஆரம்பம்தான் அவருக்குப் புடிக்கும். பாதி கூட ஓட உடமாட்டாரு. மறுபடி மொதல்ல வையி, மறுபடி மொதல்ல வையிம்பாரு. எத்தன வருசம் வச்சேன்..."

புது முள் மாட்டினார். வைத்தார். நான் வலது காதைக் குழாயின் வாய்க்குள்ளேயே கொடுத்துவிட்டேன்.

இரைச்சல்.

அவ்வளவு வருஷம் ஒரே இடத்தில் முள் ஓடினால் என்ன மிஞ்சும்? தொடக்கம் தேய்ந்துபோயிருந்தது. இரைச்சலுக்கு அடியில், ரொம்ப அடியில், ஏதோ ஒன்று இருந்தது. மெலிதாக. மேலே ஏறப் பார்த்து, வேண்டாம் என்று இறங்குகிற மாதிரி. ஓர் ஆள் வாயைத் திறக்காமல் முனகுகிற சத்தம். இருபது விநாடி இருக்கும். உடனே எனக்குத் தெரிந்த டிரம்பெட் வந்து பிடித்துக்கொண்டது.

"ஆளு" என்றேன். "யாரோ முனகுறாக."

"இல்லீங்க, அது கிளாரினெட்டு" என்றார் செல்லமுத்து. "நான் தெனமும் கேட்டவனுங்க."

"கிளாரினெட்டு மூச்சு வாங்குமா? மூச்சு வாங்குது."

"ஊதறவன் வாங்குவானுங்க."

தங்கத்தையும் கேட்கச் சொன்னோம். காதை வைத்துக் கேட்டுவிட்டு, "எண்ணெய் காயுது" என்றாள்.

மறுபடி வைத்தோம். அவருக்குக் கிளாரினெட். எனக்கு ஆள். மூன்றாவது தடவை இரைச்சல் இன்னும் கூடியிருந்தது போலத் தோன்றியது. இரும்பு முள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சுரண்டத்தானே செய்யும்? "போதும்" என்று நானே கையை நீட்டித் தடுத்துவிட்டேன். ஒன்பது வருஷம் தேடியதைப் போதும் என்று சொன்னவளும் நான்தான்.

ரிக்கார்டை அவர் கொடுக்கமாட்டேன் என்றுவிட்டார். நானாக இருந்தாலும் கொடுக்கமாட்டேன். மேலே பெரிதாக இருந்த பெயரைப் பார்த்து, எழுத்து எழுத்தாக வரைந்து, ஒன்றுக்கு இரண்டு தடவை அவரையே சரிபார்க்கச் சொல்லி வாங்கி வந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு நிம்மதியாக இருக்கிறேனா என்றால், இல்லை. முன்பு என்ன இருக்கும் என்று தெரியாமல் அலைந்தேன். இப்போது கேட்டுவிட்டு அலைகிறேன். ஆள் என்றால், அந்த டிரம்பெட் ஓர் ஆளுக்குப் பதில் சொல்கிறது. வாத்தியம் என்றால், இரண்டு வாத்தியம் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. இரண்டும் ஒன்றா? எனக்கு ஒன்றில்லை.

அந்தப் பெயர்ச் சீட்டை இந்தப் பத்திரிகை ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். இங்கே எழுதினால் தப்பாகப் போட்டுவிடுவேன். உங்களில் யாரிடமாவது, அல்லது உங்களுக்குத் தெரிந்த யாரிடமாவது, தேயாத பிரதி இருந்தால், தயவுசெய்து முதல் இருபது விநாடியைக் கேட்டு, நான் எழுதியது சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள். ஆளா, வாத்தியமா?

ஆள் என்றால் உடனே எழுதுங்கள். வாத்தியம் என்றால்... அவசரமில்லை, மெதுவாக எழுதினால் போதும்.